பல்லை எண்ணிப் பார்: பழைய சைக்கிளை மலையேற வைத்தல்

சந்தையில் மாடு பிடிக்கிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார். பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர் பெயிண்ட்டைப் பார்ப்பார், சீட்டைத் தட்டிப் பார்ப்பார், பெல்லைக்கூட அடித்துப் பார்ப்பார். பல்லை மட்டும் எண்ணமாட்டார். சமவெளிக்காரர்களுக்கு அது பரவாயில்லை. அரூர்க்காரர்களுக்குக் கட்டுப்படியாகாது. சேலம் சாலையில் போனால் பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி மஞ்சவாடி கணவாய். கணவாயைக் கடந்து இறங்கி, குப்பனூரில் திரும்பினால் ஏற்காடு. தெற்கே சித்தேரி. தருமபுரிப் பக்கம் வத்தல்மலை. திருப்பத்தூர் தாண்டினால் 14 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏலகிரி. தீர்த்தமலைக்கு மட்டும் அடிவாரத்தில் சைக்கிளைப் பூட்டிவிட்டு நடந்து ஏறினால் போதும்.

இந்த மலைகளுக்குப் போக இருபது முப்பதாயிரம் கொடுத்துப் புதுக் கியர் சைக்கிள் வாங்க வேண்டும் என்று சொல்கிறார்கள். வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையிலோ மாட்டுக்கொட்டகையிலோ சாய்ந்து கிடக்கும் நல்ல பழைய சைக்கிள் ஒன்று போதும், பல் கணக்கைச் சரிசெய்தால். அதைச் செய்யும் விதத்தைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

எந்தச் சைக்கிளை எடுப்பது

முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூர் ஆலையிலிருந்து ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் வண்டிகள் தமிழ்நாடெங்கும் போயின. அவற்றில் பெரும்பாலானவை பால்கேனும் சிமெண்ட் மூட்டையும் சுமக்கும் 28 அங்குலப் பெரிய வண்டிகள். அவற்றின் நடுவே ஒரு மெல்லிய இனமும் உண்டு. பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். போன்ற 26 அங்குல வண்டிகள் அவை. தெருவில் அவற்றுக்கு 'எஸ்.எல்.ஆர்.' என்றே பெயர். கம்பி பிரேக்குக்குப் பதில் ஒயர் பிரேக், குறுகிய டயர், கொஞ்சம் சாய்ந்த ஹேண்டில்பார். மலைக்கு இதுதான் தோதான வண்டி.

இதைவிட அபூர்வமாக, வெளிநாட்டில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்து போட்ட வளைந்த ஹேண்டில்பார் ரேஸ் சைக்கிள்கள் கிடைக்கும். ஃபிரேம் குழாயில் 'ரெனால்ட்ஸ் 531' என்ற ஸ்டிக்கர் இருந்தால் விலை கேட்கும்போது முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள். 1935இல் வந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் அது. நடுவில் மெல்லியது, முனைகளில் தடித்தது. உலகத்தின் நல்ல ரேஸ் சைக்கிள்கள் பல அதில்தான் கட்டப்பட்டன. ரெனால்ட்ஸும் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குடும்பம்தான். அந்த வகையில் நம் வீட்டு எஸ்.எல்.ஆருக்குத் தூரத்துச் சொந்தம்.

பள்ளியில் கொடுத்த விலையில்லாச் சைக்கிள்கள் ஊரெல்லாம் கிடக்கின்றனவே, அவை ஆகாதா என்று கேட்பீர்கள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய திட்டம் அது. பின்னால் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. பள்ளிக்குப் போய்வர நல்ல வண்டி. ஆனால் கனம். மலைக்கு அதைத் தயார் செய்யும் செலவில் ஒரு எஸ்.எல்.ஆரையே வாங்கிவிடலாம்.

ஃபிரேமைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு இடங்களை மட்டும் கவனமாகப் பாருங்கள். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கிராங்க் அச்சு உட்காரும் கூட்டின் அடியைத் துணியால் துடையுங்கள். மழைத்தண்ணீர் இறங்கித் தேங்கும் இடம் அதுதான். அங்கே துருத் துளை இருந்தால் வண்டியை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். அடுத்து, முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எங்காவது மோதிப் பின்னால் தள்ளியிருந்தால் ஹேண்டில் குழாய்க்குக் கீழே பெயிண்ட் சுருங்கியிருக்கும். மற்றதெல்லாம் மாற்றக்கூடிய சாமான்.

ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர்

கியர் என்றால் ஏழா, இருபத்தொன்றா என்று எண்ணிக்கை கேட்பது வழக்கம். மலைக்கு அந்த எண்ணிக்கை எதையும் சொல்லாது. பெடலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது என்பதுதான் கேள்வி. இனி அதையே 'மிதி நீளம்' என்று சொல்கிறேன்.

முன் செயின்வீல் பல்லை எண்ணி, பின் ஃப்ரீவீல் பல்லால் வகுத்து, சக்கரச் சுற்றளவால் பெருக்குங்கள். சுற்றளவுக்கு நூல் பிடிக்க வேண்டாம். டயரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று உருட்டுங்கள். தரையில் விழும் இரண்டு கோடுகளுக்கு நடுவே டேப்பால் அளந்தால் தீர்ந்தது. 26×1⅜ டயருக்குச் சுமார் 2.08 மீட்டர் வரும். 28×1½ டயருக்கு 2.2 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

என் கைக்கு வந்த எஸ்.எல்.ஆர். ஒன்றில் முன்னால் 44, பின்னால் 18 பல் இருந்தன. 44ஐ 18ஆல் வகுத்தால் 2.44. அதை 2.08ஆல் பெருக்கினால் மிதி நீளம் 5.1 மீட்டர். கடைத்தெருவில் காற்றுமாதிரி போகும். மலையில்?

உங்கள் எடையும் வண்டி எடையும் சேர்ந்து 80 கிலோ என்று வைப்போம். பழக்கமுள்ள, ஆனால் பந்தயக்காரர் அல்லாத ஒருவர் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்துக் கொடுக்கும் உழைப்பு 150 வாட் அளவு. 100 மீட்டருக்கு 7 மீட்டர் உயரும் சாலையில் அந்த உழைப்புக்கு மணிக்கு எட்டரை கிலோமீட்டர்தான் போக முடியும். பல் எத்தனை இருந்தாலும் இந்த வேகம் மாறாது. அதைத் தீர்மானிப்பது பூமியின் இழுப்பு. 5.1 மீட்டர் மிதி நீளத்தில் அந்த வேகத்துக்கு நிமிடத்துக்கு 28 மிதிதான் விழும். செக்குமாட்டின் வேகம். ஒவ்வொரு மிதியும் முழங்காலைப் பிழியும். ஐந்தாவது நிமிடத்தில் இறங்கித் தள்ளுவீர்கள். அதே எட்டரை கிலோமீட்டரை நிமிடத்துக்கு 60 மிதியில் போக வேண்டுமானால் மிதி நீளம் 2.35 மீட்டராக இருக்க வேண்டும். சாலை 10 சதவீதம் ஏறினால் 1.75 மீட்டர்.

இந்த இரண்டு எண்களையும் கடைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் என்ன செய்தாலும் இந்த எண்களை எட்டத்தான்.

1.5 மீட்டருக்குக் கீழே போகாதீர்கள் என்பது என் கருத்து. அதில் 60 மிதி மிதித்தாலும் மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர்தான் வரும். முன்சக்கரம் பாம்புபோல் வளையும். அதற்கு நடந்துவிடலாம்.

உங்கள் மலை எத்தனை சதவீதம் என்று அறிய ஃபோனை நம்ப வேண்டாம். அதன் உயரக் கணக்கு சிறிய தூரத்தில் தடுமாறும். கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தைச் சாலையின் போக்கிலேயே வையுங்கள். மேட்டுப் பக்க முனை தரையில் இருக்கட்டும். பள்ளத்துப் பக்க முனையை ரசமட்டக் குமிழி நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடைவெளி 7 சென்டிமீட்டர் என்றால் ஏற்றம் 7 சதவீதம். பெருக்கலும் வேண்டாம், வகுத்தலும் வேண்டாம். நான் ஏற்காட்டுச் சாலையில் இப்படிக் குனிந்து அளந்தபோது நெடுஞ்சாலைத் துறை ஆள் என்று நினைத்து ஒரு பெரியவர் வந்து ஊர்ச் சாலை எப்போது போடுவீர்கள் என்று கேட்டார். 'அளந்துட்டுப் போறவங்கதான் வராங்க, போடுறவங்க வரலையே தம்பி' என்றார். என்னிடம் பதில் இல்லை.

செலவு குறைந்த வழிகள்

மஞ்சவாடி கணவாய் போன்ற மிதமான மேட்டுக்குப் பின் ஃப்ரீவீலை மட்டும் மாற்றினால் போதும். 18 பல்லைக் கழற்றி 22 போடுங்கள். மிதி நீளம் 5.1லிருந்து 4.2க்கு இறங்கும். 4 சதவீத ஏற்றத்தை உட்கார்ந்தபடியே மிதித்துவிடலாம். செயினில் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம். அரை மணி நேர வேலை. சித்தேரிக்கும் ஏற்காட்டுக்கும் இது போதாது.

அடுத்தது நான் மூன்று மாதம் ஓட்டிப் பார்த்த வழி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் பெரிய மனிதர்கள் ஓட்டிய வழி. பிரான்சின் டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1903இல் தொடங்கியது. அதை நடத்திய ஆன்றி தெக்ரான்ஜுக்குக் கியர் மாற்றும் சாமான் பிடிக்காது, அது கால் பலமில்லாதவர்களுக்கு என்பார். பந்தயத்தில் அந்தச் சாமானை, அதாவது டீரெய்லரை, முழுமையாக அனுமதித்தது 1937இல்தான். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கத்துப் பெரிய பல்லில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். அதே நாட்டில் சாந்த்-எத்தியேன் ஊரில் பால் த விவி என்பவர் 'வெலோசியோ' என்ற பெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தி, பல கியர்தான் சாதாரண மனிதனை மலையேற வைக்கும் என்று வாதாடிக்கொண்டே இருந்தார். 1930இல் இறந்தார். தெக்ரான்ஜின் பந்தயம் அவர் சொன்னதைக் கேட்க இன்னும் ஏழு ஆண்டு ஆனது.

கையால் மாற்றும் அந்த வழியை நாம் சக்கரத்தைத் திருப்பாமலே செய்யலாம். பழைய இரும்புக்கடையில் உடைந்த எம்.டி.பி. (மவுண்டன் பைக்) சைக்கிள்கள் கிடைக்கும். அவற்றின் முன் செயின்வீலில் மூன்று வளையம் இருக்கும். பெரும்பாலும் 42, 34, 24 பல். பின்னால் 14இலிருந்து 28 பல்வரை போகும் ஃப்ரீவீல். இரண்டையும் உங்கள் வண்டிக்கு மாற்றுங்கள் (பின் கவையில் இடம் போதாவிட்டால் அதை விரிக்கும் விதம் அடுத்த பகுதியில்). டீரெய்லர் வேண்டாம். சமதளத்தில் முன் 42, பின் 20. மலையடிவாரத்தில் இறங்கிச் செயினைக் கையால் தூக்கி முன் 34, பின் 28. முதல் ஜோடியின் கூட்டுத்தொகை 62, இரண்டாவதும் 62. கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தால் செயின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், அச்சை நகர்த்த வேண்டாம். மிதி நீளம் சமதளத்தில் 4.4, மலையில் 2.5. ஏற்காட்டுச் சாலைக்கு இது ஓரளவு ஒத்துவரும்.

இதில் ஒரு குறை உண்டு. இப்போது வரும் ஃப்ரீவீல்களின் பற்கள் செயின் தானாகவே அடுத்த பல்லுக்குத் தாவும்படி வெட்டப்பட்டவை. டீரெய்லர் பிடித்துக்கொள்ளாவிட்டால் சில நேரம் சும்மாவே தாவிவிடும். மொட்டையான பழைய பல் கிடைத்தால் அதையே போடுங்கள். கையில் கறை படாமலிருக்க ஒரு பழைய சாக்ஸைச் சீட்டுக்குக் கீழே கட்டி வையுங்கள்.

மூன்றாவது, மையக்குடத்துக்குள்ளேயே மூன்று கியர் இருக்கும் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப். பழைய ராலே வண்டிகளில் வரும். ஏ.டபிள்யூ. என்ற மாதிரி 1936இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்டு 2000இல் தைவானுக்குக் கைமாறியபின் இன்றும் அதே தத்துவத்தில் வருகிறது. நடுக்கியர் நேர்க்கணக்கு, கீழ்க்கியர் அதில் முக்கால் பங்கு, மேல்கியர் ஒன்றே காலுக்குச் சற்று மேல். உங்களிடம் ஏற்கெனவே இந்த ஹப் இருந்தால் பின்பல்லை 22 ஆக்குங்கள். மூன்று காது வைத்த பல் அது, வட்டக் கம்பியை நெம்பி எடுத்தால் வந்துவிடும். முன்னால் 44 என்றால் கீழ்க்கியரில் மிதி நீளம் 3.1. ஒயரை மட்டும் சரியாக இழுத்து வையுங்கள். நடுக்கியரில் வைத்து வலப்பக்க நட்டின் துளை வழியாகப் பார்த்தால், உள்ளிருந்து வரும் குச்சியின் தோள் அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். ஒயர் தளர்ந்தால் நடுக்கியருக்கும் மேல்கியருக்கும் நடுவே எதுவும் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. எழுந்து நின்று மிதிக்கும்போது அங்கே விழுந்தால் ஹேண்டில்பாரில் நெஞ்சு மோதும். இதற்காகப் புது ஹப் வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு அடுத்து வரும் வழி மேல்.

முழுக் கியர் போடுதல்

பல கியர் ஃப்ரீவீல் போட வேண்டுமானால் முதல் தடை இடம். பின் கவையில் அச்சு உட்காரும் இரண்டு காடிகளுக்கு நடுவே உள்அளவு எடுங்கள். ஒற்றைப் பல் வண்டிகளில் 110 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், மூன்று கியர் ஹப்புக்கு 114. ஐந்து பல் ஃப்ரீவீலுக்கு 120 வேண்டும், ஏழுக்கு 126. இப்போதைய எம்.டி.பி. ஹப்புகள் 135.

எஃகு ஃபிரேமை விரிக்கலாம். அலுமினிய ஃபிரேமை ஒருபோதும் விரிக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். லேத் பட்டறையில் ஒரு அடி நீள மரைக்கம்பியும் நான்கு நட்டும் வாஷரும் வாங்குங்கள். கம்பியைக் காடிகளுக்கு நடுவே வைத்து, உள்பக்க நட்டுகளை வெளியே தள்ளுமாறு மெல்ல மெல்லத் திருப்புங்கள். எஃகு திரும்பி வரும். 126 வேண்டுமானால் சில நேரம் 145வரை விரித்தால்தான் விட்டபின் 126இல் நிற்கும். ஐந்து மில்லிமீட்டருக்கு ஒருமுறை நட்டைத் தளர்த்தி அளந்து பாருங்கள். ஒரே மூச்சில் தள்ளினால் ஒரு பக்கக் கவை மட்டும் வளைந்து நிற்கும்.

முடிந்ததும் கொத்தனார் நூல். இடது காடியிலிருந்து ஒரு நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி, வலது காடிக்குக் கொண்டுவந்து இறுகக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இருபக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேர். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் திருத்துங்கள். அரை மில்லிமீட்டருக்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

110லிருந்து 126வரை போவது கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். பழைய எஸ்.எல்.ஆருக்கு ஐந்து பல் ஃப்ரீவீலும் 120உம் போதும். மலைக்கு வேண்டியது பெரிய பல். பல்லின் எண்ணிக்கை இரண்டாம்பட்சம்.

இரண்டாவது தடை ஸ்போக்ஸ் ஓட்டை. இந்த இடத்தில் நானே ஏமாந்தேன். நம் பழைய பின் ரிம்களில் பெரும்பாலும் 40 ஓட்டை, முன்னால் 32. எம்.டி.பி. ஹப்பில் 36. ஹப்பை வாங்கிவந்து கடையில் வைத்தபோது மெக்கானிக் அண்ணன் எண்ணிப் பார்த்துவிட்டு, 'நாலு ஓட்டைய என்ன சார் பண்றது, காது குத்திக்கவா?' என்றார். ஹப்பையும் ரிம்மையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

அப்படி ரிம் மாற்றும்போது மூன்றாவது பொறி. '26' என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. எஸ்.எல்.ஆரின் 26×1⅜ ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 590 மில்லிமீட்டர். எம்.டி.பி.யின் 26 அங்குலத்தில் 559. எம்.டி.பி. ரிம்மைப் போட்டால் பிரேக் கட்டை பதினைந்து மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும், பழைய பிரேக் எட்டாது. டயரில் 37-590 என்றோ 54-559 என்றோ பொறித்திருக்கும் இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டு ரேஸ் சைக்கிளில் 27 அங்குலச் சக்கரம் இருந்தால் அது 630. அதற்கு இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் 700சி, அதாவது 622, போட்டால் கட்டையை நான்கு மில்லிமீட்டர் இறக்கினால் போதும். அது நல்ல மாற்றம், தயங்காமல் செய்யுங்கள்.

இனி டீரெய்லர். பழைய ஃபிரேமில் அதை மாட்டக் காது இருக்காது. அச்சு நட்டோடு சேர்த்து இறுக்கும் கொக்கித் தகடு வைத்த மாதிரியைக் கேளுங்கள். ஷிமானோ டூர்னி போன்ற விலை குறைந்தவற்றிலேயே கிடைக்கும். 126வரை விரித்த மலைக்காரர்களுக்கு ஷிமானோவின் 'மெகாரேஞ்ச்' ஏழு பல் ஃப்ரீவீல் ஒரு வரம். 14இல் தொடங்கி 24வரை ஒழுங்காக ஏறி, கடைசிப் பல் ஒரே தாவில் 34. கடைசியில் ஒரு பாதாளக் கரண்டியைக் கையில் கொடுத்ததுபோல. முன் 24, பின் 34 போட்டால் மிதி நீளம் 1.47. என் எல்லையைத் தொட்டுவிட்டது.

டீரெய்லரின் நீண்ட கை எவ்வளவு தொய்வை இழுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: முன் பெரிய பல்லில் சிறியதைக் கழியுங்கள், பின்னாலும் அப்படியே, இரண்டையும் கூட்டுங்கள். 42-24 என்பது 18, 34-14 என்பது 20, கூட்டினால் 38. டீரெய்லரின் அளவு இதற்குக் குறைவாக இருந்தால் சின்னதும் சின்னதும் சேரும்போது செயின் தரையைப் பெருக்கும். ரேஸ் சைக்கிளில் வந்த குட்டைக் கை இதற்கெல்லாம் ஆகாது, அதைக் கழற்றிக் கண்ணாடி அலமாரியில் வையுங்கள். செயின் நீளத்துக்கு: டீரெய்லரில் கோர்க்காமல் முன் பெரிய பல்லையும் பின் பெரிய பல்லையும் சுற்றிப் பிடித்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி விட்டு வெட்டுங்கள். வெட்டிய பிறகு யோசிப்பதைவிட வெட்டுமுன் யோசிப்பது மலிவு.

கியர் லீவருக்கு 'டிக் டிக்' என்று எண்ணி நகரும் புது வகை வேண்டாம். ஃபிரேம் குழாயில் பட்டை போட்டு மாட்டும் பழைய உராய்வு லீவர் எந்தக் கம்பெனி டீரெய்லரோடும், எத்தனை பல்லோடும் ஒத்துப்போகும். காதால் கேட்டுச் சரிசெய்ய இரண்டு நாள் பழக வேண்டும், அவ்வளவுதான்.

கிராங்க் மாற்றும்போது கூட்டின் மரை ஒத்துப்போகிறதா என்று பழைய கப்பைக் கையோடு எடுத்துப் போய்ப் பாருங்கள். பிரிட்டிஷ் அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. ராலே தன் வண்டிகளுக்கு 26 மரை வைத்திருந்தது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், முதல் இரண்டு சுற்று ஏறவும் செய்யும். மூன்றாவது சுற்றில் ஸ்பேனரால் அழுத்தினால் ஃபிரேம் போச்சு.

பழைய காட்டர் பின் கிராங்கையே வைத்துக்கொள்வதானால், மலையில் முதலில் ஆட்டம் காண்பது அந்தப் பின்தான். மேட்டில் கிராங்கில் விழும் முறுக்கு அப்படி. குப்பனூர் வழி ஏறும்போது எனக்கு ஒவ்வொரு மிதிக்கும் 'டொக்' என்று கேட்டது. பெடல் என்று நினைத்து இரண்டு வளைவு போனேன். இறங்கிப் பார்த்தால் பின் பாதி வெளியே. சாலையோரக் கல்லால் அடித்து உள்ளே தள்ளிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். புதுப் பின் போடும்போது கிராங்குக்கு அடியில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து அடியுங்கள், இல்லாவிட்டால் அடி முழுவதும் பால்ரஸ்ஸுக்குப் போகும். நட்டால் இழுத்து உட்கார வைக்கப் பார்க்காதீர்கள், மரை வழுக்கும். 50 கிலோமீட்டர் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை அடித்து இறுக்குங்கள். நம் வண்டிகளுக்கு 9.5 மில்லிமீட்டர் பின். பிரெஞ்சு வண்டியானால் 9 கேட்டு வாங்குங்கள்.

ஏறினால் இறங்க வேண்டும்

கியருக்கு நான்கு நாள் செலவழிக்கிறவர்கள் பிரேக்குக்கு நான்கு நிமிடம் தருவதில்லை. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. குரோம் பூசிய இரும்பு ரிம் காய்ந்திருக்கும்போது சுமாராக நிற்கும். மழை பெய்தால் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் சோப்புத் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டே போகும். மாலையில் இடி இடிக்கும் மாதங்களில் மலைக்குப் போகிறவர்கள் இரும்பு ரிம்மோடு போகவே கூடாது. ரிம் மாற்றும் வேலை எப்படியும் இருக்கிறதே, அலாய் ரிம்மாக மாற்றிவிடுங்கள். காசு ஒரு சக்கரத்துக்கு மட்டும் இருக்கிறதென்றால் முன்சக்கரத்தை மாற்றுங்கள். இறக்கத்தில் எடை முன்னால் சாய்கிறது, நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்கினுடையது.

28 அங்குல வண்டியின் கம்பி பிரேக்கோடு கொண்டை ஊசி வளைவில் இறங்குவதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. செய்யாதீர்கள்.

பிரேக் ஒயரும் அதன் உறையும் புதிதாக இருக்கட்டும். பழைய உறை உள்ளே துருப்பிடித்து ஒயரைக் கடித்துக்கொண்டிருக்கும், கை வலிக்க அழுத்தினாலும் பாதிதான் கட்டைக்குப் போய்ச் சேரும். இறங்கும்போது இடைவிடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது தவறு, ரிம் சூடேறிக் கட்டை மழுங்கிவிடும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். ஐந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாவிட்டால் நல்ல நேரம், தண்ணீர் குடியுங்கள். குரங்குக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் பையையே கேட்கும்.

முதல் ஓட்டம்

புதுக் கியரோடு நேராகச் சித்தேரிக்குப் போகாதீர்கள். முதலில் கச்சேரிமேட்டிலிருந்து ஊருக்குள்ளேயே இரண்டு சுற்று, எல்லாப் பல்லிலும் செயின் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். பின் பெரிய பல்லைத் தாண்டிச் செயின் ஸ்போக்ஸுக்குள் விழாமல் டீரெய்லரின் எல்லைத் திருகை இறுக்குவது இந்தச் சுற்றில்தான். மலையில் விழுந்தால் சக்கரம் முழுவதும் போகும். மறுநாள் காலை மஞ்சவாடி. சீட்டை உயர்த்துங்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். நம் ஊரில் இரண்டு காலும் தரையில் ஊன்றும்படி சீட்டை இறக்கி ஓட்டுவது பழக்கம். அந்த உயரத்தில் ஒரு மணி நேரம் மேடு ஏறினால் மறுநாள் மாடிப்படி ஏற முடியாது.

கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு விஷயம் கவனியுங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறவர்கள். ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டத்தில் இருப்போம், அங்கே ஏற்றம் குறைவு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டத்தில் மாட்டிக்கொள்வோம். அந்த நாலைந்து மீட்டர் மட்டும் சுவர்போல நிமிர்ந்திருக்கும். வளைவுக்கு இருபதடி முன்பே கீழ்க்கியருக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே போனபின் லீவரை இழுத்தால், மிதியின் முழு பாரத்தில் செயின் நகராது, நகர்ந்தால் அறுந்துவிடும்.

வீடு வந்ததும் பிரேக் கட்டைகளைப் புரட்டிப் பாருங்கள். அலாய் ரிம்மிலிருந்து உதிர்ந்த துகள் வெள்ளிப் பொட்டுபோல் ரப்பரில் பதிந்திருக்கும். கோணி ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த இறக்கத்தில் அதுவே ரிம்மை அறுக்கும்.